மயில்கழுத்துப் புடவையும் ஒரு படக்கோப்பும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

பட்டு நூல் தறிக்கு வருமுன் அதைக் காய்ச்ச வேண்டும் என்பது ஆரணிப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் அறிந்த செய்தி. கூட்டிலிருந்து இழுத்த கச்சாப் பட்டு விறைப்பாக, ஒளி மங்கி இருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டு அதன் பசையைப் போக்கினால்தான் பளபளப்பு வரும், சாயமும் சீராகப் பிடிக்கும். அப்போது நூலின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிடுகிறது. போன பசை போனதுதான். அதை மறுபடி நூலில் ஏற்ற எவராலும் ஆகாது.

நல்ல கேமராவில் எடுக்கும் படத்துக்கும் இதுபோல ஒரு கச்சா நிலையும் ஒரு காய்ச்சிய நிலையும் உண்டு. கச்சா நிலையில் உள்ளதை ‘ரா’ கோப்பு என்கிறார்கள். காய்ச்சி, எடை குறைத்து, எல்லோர் கைப்பேசியிலும் திறக்கும்படி ஆக்கியதை ‘ஜேபெக்’ என்கிறார்கள். முன்னதைப் பின்னதாக மாற்றுவது எப்படி, மாற்றும்போது எதை இழக்கிறோம் என்பதைச் சென்ற ஆண்டு கற்றுக்கொண்டேன். பொழுதுபோக்குக்காகக் கற்கவில்லை, வீட்டில் அதற்கு ஒரு தேவை ஏற்பட்டது.

எங்கள் வீடு ஆரணியை அடுத்த திருமலையில் உள்ளது. அப்பா கைத்தறியில் பட்டுப்புடவை நெய்கிறார். அம்மா தார் சுற்றுவதும் இழை எடுத்துக் கொடுப்பதுமாக உடனிருப்பார். ஒரு புடவைக்கு இரண்டு பேர் உழைப்பு பதினைந்து நாள் ஆகும். ஐப்பசி மாதத்தில் அப்பா மயில்கழுத்து நிறத்தில் அரக்குக் கரை வைத்து ஒரு புடவை நெய்து முடித்தார். மயில்கழுத்து என்பது தனிச் சாயம் அன்று. பாவு நீலம், ஊடை பச்சை. இரண்டும் இழைக்கு இழை பின்னுவதால், நேரே பார்த்தால் ஒரு நிறம், சாய்த்துப் பார்த்தால் வேறு நிறம்! பார்த்தவர்கள் எல்லாரும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அந்தப் புடவையைக் கைப்பேசியில் படம் பிடித்து வெளியூருக்கு அனுப்பி விற்றார் ஒரு வியாபாரி. பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. “படத்தில் நீலமாக இருந்தது, பெட்டியைத் திறந்தால் பச்சையாக இருக்கிறது” என்று வாங்கிய அம்மையார் எழுதியிருந்தாராம். அவர் மேல் குற்றமில்லை. கடையில் இருந்த குழல் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் அந்தப் புடவை பள்ளிச் சீருடை போல வெறும் நீலமாகத்தான் தெரிந்தது. ஆனால் அனுப்பிய செலவும் திரும்பிய செலவும் அப்பாவின் கூலியில் கழிந்தன. அன்று இரவு அப்பா அதிகம் பேசவில்லை. புடவையைப் பிரித்து, மடிப்பு மாற்றி, மறுபடி காகிதத்தில் சுற்றி வைத்தார்.

என் சித்தப்பா ஆரணியில் கல்யாணப் படங்கள் எடுப்பவர். செய்தி அறிந்து ஞாயிற்றுக்கிழமை கேமராவுடன் வந்தார். வாசல் திண்ணையில் வெயில் நேரே விழாத இடத்தில் புடவையை விரித்து, பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து நான்கைந்து படங்கள் எடுத்தார். அந்தக் கோப்புகளை அப்படியே வியாபாரிக்குக் கொடுத்தார். எதிலும் அவர் திறக்க முடியவில்லை. அவருடைய மகன் கெட்டிக்காரன் போலக் கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளை அழித்துவிட்டு ‘ஜேபிஜி’ என்று எழுதிப் பார்த்தானாம். பலகையை மாற்றினால் மளிகைக் கடை மருந்துக் கடை ஆகுமா? உள்ளே இருப்பது மாறவில்லை, கோப்பும் திறக்கவில்லை. “நீ கணக்கில் கெட்டிக்காரிதானே, வா, மாத்தறதைக் கத்துக்கோ” என்று சித்தப்பா என்னைத் தம் ஸ்டூடியோவுக்கு அழைத்துக்கொண்டார். அரைப் பரீட்சை விடுமுறை முழுவதும் அங்கேதான் கழிந்தது.

முதலில் ரா கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கேமராவின் உள்ளே ஒளியை உணரும் ஒரு சில்லு இருக்கிறது. சித்தப்பாவின் கேமராவில் அது அகலத்தில் 6,000 புள்ளி, உயரத்தில் 4,000 புள்ளி, ஆக 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் கொண்டது. வேடிக்கை என்னவென்றால் இந்தப் புள்ளிகளுக்கு நிறம் தெரியாது. ஒளி எவ்வளவு என்று மட்டுமே அளக்கத் தெரியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு நிறத்து வடிகட்டி ஒட்டப்பட்டுள்ளது. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவர் இந்த அமைப்புக்கு 1976-இல் காப்புரிமை பெற்றார். நம் கண் பச்சைப் பகுதியில் மிகக் கூர்மையாக இருப்பதால்தான் பச்சைக்கு இரண்டு பங்கு!

இப்படி அளந்த எண்களை எதுவும் செய்யாமல் எழுதி வைத்ததே ரா கோப்பு. ஒவ்வொரு புள்ளியும் 14 பிட், அதாவது 16,384 படிகள் கொண்ட ஏணி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளுக்கு 42 எம்.பி. வருகிறது. கேமரா அதைச் சற்றுச் சுருக்கிக் கட்டினாலும் கைப்பேசிக்கு அது பெரிய சுமைதான். அதோடு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழியில் எழுதுகிறது. நிக்கானுக்கு ஒன்று, கேனானுக்கு ஒன்று, சோனிக்கு ஒன்று. பொதுமொழியாக டி.என்.ஜி. என்ற ஒன்றை அடோபி நிறுவனம் 2004-இல் வெளியிட்டது. எல்லா நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஜேபெக் கதை வேறு. நிறுவனம் எதுவாயினும், கைப்பேசி பழையதாயினும் புதியதாயினும் அது திறக்கும். 1986-இல் கூடிய ஒரு வல்லுநர் குழுவின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளே அதற்குப் பெயராயின. 1992-இல் அது உலகத் தரமாக ஏற்கப்பட்டது. அதற்குப் பின் வெப்பி, ஹெய்க் என்று எத்தனையோ புதியவை வந்துவிட்டன, சிலவற்றின் சுருக்கம் இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் வியாபாரியின் கைப்பேசியில் சங்கடமின்றித் திறப்பது ஜேபெக்தான்.

ஜேபெக் செய்யும் சுருக்கத்தை எனக்குப் புரியவைத்தது எங்கள் வீட்டுத் தறி என்றால் நம்புவீர்களா? முந்தானையில் அன்னமோ மாங்காயோ போட வேண்டுமானால், முதலில் அதைக் கட்டம் போட்ட கிராப் தாளில் எழுதுவார்கள். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டைகளைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், துளை உள்ள இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. பிரான்சு நாட்டின் ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் செய்த இந்த ஏற்பாடு கணினியின் துளையட்டைக்கே முன்னோடி என்று நம் அறிவியல் சிஸ்டர் வகுப்பில் சொல்லியிருக்கிறார்.

ஜேபெக்கும் படத்தைக் கட்டம் கட்டமாகத்தான் பிரிக்கிறது. எட்டுக்கு எட்டு, ஆக 64 புள்ளிகள் ஒரு கட்டம். சித்தப்பாவின் படத்தில் 3,75,000 கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 எண்களை அப்படியே எழுதாமல், இந்தக் கட்டம் சராசரியாக எவ்வளவு வெளிச்சம், இடமிருந்து வலமாக எவ்வளவு ஏறி இறங்குகிறது, மேலிருந்து கீழாக எப்படி, அதைவிட நுண்ணிய அலைகள் எத்தனை என்று 64 அலைகளின் அளவாக மாற்றி எழுதுகிறது. இதுவரை எதுவும் இழக்கவில்லை. அடுத்த படியில்தான் கத்தி விழுகிறது! கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுண் அலைகளைப் பெரிய எண்ணால் வகுத்து முழு எண்ணாக்கிவிடுகிறார்கள். பெரும்பாலானவை பூஜ்யமாகிவிடும். பூஜ்யங்கள் வரிசையாக நின்றால் அவற்றைச் சுருக்கி எழுதுவது எளிது. எவ்வளவு கடுமையாக வகுப்பது என்பதைத்தான் ‘தரம்’ என்ற எண்ணால் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அப்போ கட்டத்துக்குள்ள இருக்கற இழையை எழுதாம, கட்டத்தோட சுபாவத்தை எழுதறாங்க. அப்படித்தானே?” என்றார். நான் அரை மணி நேரம் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். ஒரே தரத்தில் மாற்றியபோது புடவையின் உடல் பகுதிப் படம் 5 எம்.பி. ஆயிற்று, ஜரிகை நிறைந்த முந்தானைப் படமோ 11 எம்.பி. ஆயிற்று. உடல் பகுதி அமைதியான கட்டங்கள், சில அலைகளே போதும். ஜரிகையில் கட்டத்துக்குக் கட்டம் ஏற்ற இறக்கம். நெய்வதற்கு எங்கே உழைப்பு அதிகமோ அங்கேதான் கோப்பின் எடையும் அதிகம்!

அலைகளாக மாற்றும் இந்தக் கணிதத்தைக் கண்டவர் நம் அண்டை மாநிலத்தில் பிறந்தவர் என்பதைப் படித்தபோது எனக்கு எழுந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பெங்களூரில் 1940-இல் பிறந்த நசீர் அகமது அவர்கள் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். 1972-இல் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அந்நாட்டு அறிவியல் நிதி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். யோசனை மிக எளிதாக இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்களாம். அவர் விடவில்லை. 1973-இன் கோடை விடுமுறையில் சம்பளமின்றி உழைத்து முடித்தார். அவருடைய மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. ஜேபெக் படம் திறக்கும் இடமெல்லாம் இம்மூவரின் கணிதம்தான் ஓடுகிறது. நம் பாடப்புத்தகத்தில் இவர்கள் பெயர் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, ஸ்டூடியோவுக்கு வருவோம். மாற்றுவதற்கு விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் உண்டு. சித்தப்பா ‘டார்க்டேபிள்’ என்ற இலவச மென்பொருளை வைத்திருந்தார். ரா கோப்பைத் திறந்தவுடன் படம் சோபையின்றி இருந்தது; காய்ச்சாத பட்டு அப்படித்தானே இருக்கும்! முதல் வேலை, சாம்பல் அட்டையின் மேல் சொடுக்குவது. “இது நிறமற்ற சாம்பல்” என்று சொல்லிவிட்டால் அன்றைய வெளிச்சத்தில் கலந்திருந்த நீலமோ மஞ்சளோ படம் முழுவதிலுமிருந்து கழிந்துவிடுகிறது. வெள்ளைக் காகிதம் போதாதா என்று கேட்டேன். காகிதத்துக்கு வெண்மை கூட்ட நீலச் சாயல் சேர்க்கிறார்கள், அதை நம்பினால் பட்டு மஞ்சளடித்துப் போகும் என்றார் சித்தப்பா.

அடுத்து வந்த தொல்லை அரக்குக் கரை. அடர்ந்த சிவப்புப் பட்டில் சிவப்பு அளவு மட்டும் உச்சியை முட்டி நின்றுவிடுகிறது. மடிப்புகள் மறைந்து கரை குங்குமம் கொட்டியது போலத் தெரிகிறது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள்ளன. அதில் முட்டிய இடத்தை மீட்க வழியில்லை. ரா கோப்பில் ஏணி நீளமானதால் சற்றே இறக்கிவிட்டேன். மடிப்பும் ஜரிகை இழையும் திரும்பி வந்தன. மயில்கழுத்து இன்னும் பிடிவாதமாக இருந்தது. பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவாக 1996-இல் வகுத்த நிற எல்லை ஒன்று உண்டு, எஸ்-ஆர்ஜிபி என்று பெயர். மயிலின் அந்தப் பச்சை கலந்த நீலம் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. முழு நிறத்தையும் திணித்தால் தட்டையாகிவிடும். நிறத்தின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்தால் மடிப்புக்கு மடிப்பு நீலமும் பச்சையும் மாறும் அழகு தெரிகிறது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

இங்கேதான் அப்பா குறுக்கிட்டார். “கண்ணு, நிறத்தை நீயே கூட்டிக் குறைச்சா அது ஏமாத்து வேலை ஆகாதா?” என்றார். நியாயமான கேள்வி. விற்கும் பொருளைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்றுதானே நம் சிஸ்டர்களும் நன்னெறி வகுப்பில் சொல்கிறார்கள்? சித்தப்பா, “அண்ணா, குழல் விளக்கில் எடுத்தாங்களே, அதில் யாரும் கை வைக்கலை. ஆனா அதுதான் பொய்யாப் போச்சு” என்றார். கேமராவே ஜேபெக்காகத் தரும்போதும் யாரோ ஓர் இயந்திரம் நமக்காகக் கூட்டிக் குறைக்கத்தான் செய்கிறது. அதற்கு எங்கள் புடவையைத் தெரியாது. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். சன்னல் வெளிச்சத்தில் புடவையைத் திரைக்குப் பக்கத்தில் விரித்து, அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். நான் நகர்த்துவேன், அவர் பார்ப்பார். “போதும்”, “இல்லை, ஊடை தெரியலை”, “இப்போ சரி.” இருபத்தைந்து ஆண்டுகள் நூலைப் பார்த்த கண். அவர் ‘இது நம்ம புடவை’ என்று சொல்லும் வரையில் ஜேபெக்காக மாற்றவில்லை.

மாற்றும்போது கேட்கும் கேள்விகளில் இரண்டைச் சொல்கிறேன். தரம் எவ்வளவு என்று கேட்கும். நாங்கள் 92 வைத்தோம். அதற்கு மேல் கோப்பு வீங்குகிறதே தவிர கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. இன்னொன்று நிறத்தைப் பாதியாக்கலாமா என்பது. கண் வெளிச்சத்தைக் காண்பது போல நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகக் காண்பதில்லை. ஆகவே ஜேபெக் பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத்தை எழுதிச் சிக்கனம் செய்கிறது. இயற்கைக் காட்சிக்குப் பரவாயில்லை. ஆனால் கோர்வையில் அரக்கும் மயில்கழுத்தும் பல் பல்லாகக் கோத்து நிற்கும் இடம் சாயம் கசிந்தது போல மங்குகிறது. சாயம் போகும் புடவை என்று யாராவது நினைத்துவிட்டால்? அந்தச் சிக்கனம் வேண்டாம் என்று குறித்தோம்.

அனுப்பும் வழியிலும் ஒரு கள்ளன் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை காய்ச்சிவிடுகிறது. அங்கிருந்து வேறொருவர் சேமித்துத் திருத்தி அனுப்ப, மறுபடியும் காய்ச்சல். ஆவணமாக அனுப்பினால் தொடுவதில்லை. இதை வியாபாரிக்கு இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் புடவை தை மாதம் பெங்களூருக்குப் போயிற்று. அதற்குப் பின் அப்பா நெய்த ஏழு புடவைகளையும் இப்படியே படமெடுத்தோம். ஒன்று மட்டும் திரும்பியது, அதுவும் கரை அகலம் போதவில்லை என்பதற்காக.

இம்மலருக்காக எங்கள் ஊர்க் குன்றையும் படமெடுக்கும்படி வரலாற்று சிஸ்டர் கேட்டார். இராசராச சோழரின் தமக்கை குந்தவையார் பெயரால் வழங்கும் ஜினாலயம் அங்கே உள்ளது. அவர் மருமகன் முதலாம் இராசேந்திரனின் வெற்றிகளைச் சொல்லும் கல்வெட்டும் திருமலைக் கல்வெட்டு என்றே பெயர் பெற்றது. ஆனால் என் மனம் குகையில் உள்ள சமண ஓவியங்களில்தான். சுண்ணச் சாந்தின் மேல் தீட்டிய சமவசரண வட்டமும் உருவங்களும் பல இடங்களில் உதிர்ந்துவிட்டன. உரிய அனுமதி பெற்று, மின்னல் விளக்குப் போடாமல், கேமராவைத் தாங்கியில் நிறுத்திச் சித்தப்பா எடுத்தார். கேமரா உடனே தந்த ஜேபெக்கில் மூலைகள் கரியாக இருந்தன. வெளிச்சத்தை ஏற்றினால் கட்டம் கட்டமாக அழுக்குத்தான் தெரிந்தது. ரா கோப்பில் ஏற்றியபோது இருட்டுக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கோடு வந்தது, பிறகு ஒரு கை, பிறகு அதன் விரல்கள். நானும் சித்தப்பாவும் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. நூறு முறை அந்தக் குகைக்குப் போயிருக்கிறேன், அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை.

அச்சகத்துக்கு ஜேபெக்தான் கொடுத்தோம். இம்மலரில் வருவது அதுவே. ரா கோப்புகளை அழிக்கவில்லை. நாளை இன்னும் நல்ல மென்பொருள் வந்தால் அவற்றிலிருந்து இன்னும் இரண்டு விரல்கள் வெளிவரலாம். சுவரில் அவை அதுவரை இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? ஒரு பிரதி ஸ்டூடியோவில், ஒரு பிரதி எங்கள் வீட்டு இரும்பு பீரோவில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. வன்தட்டின் மேல் ஊரும் தேதியும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்பா இப்போது மாம்பழ மஞ்சளில் பாவு ஏற்றியிருக்கிறார்.